சரிவு நிலத்தில் கூந்தப்பனைப் பதநீர்: மேப்பிளுக்குப் போடுவதுபோல் குழாய் போடலாமா?

தாண்டிக்குடி காப்பித்தோட்டம்

வணக்கம். தாண்டிக்குடியிலிருந்து பண்ணைக்காடு போகிற பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். காப்பி, மிளகு, கொஞ்சம் மலைவாழை. நல்ல சரிவு. ஊடே தானாக முளைத்த கூந்தப்பனை பதினோரு மரம் நிற்கிறது. கல்யாணப் பந்தலில் கட்டக் குலை கேட்டு வருகிறவர்களுக்கு வெட்டிக் கொடுப்பதோடு சரி, வேறு வருமானம் இல்லை. இந்த வருடம் மூன்று மரம் பாளை தள்ளியிருக்கிறது.

சித்தப்பா மகன் அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் இருக்கிறான். மேப்பிள் என்பது அங்கே சாறு எடுத்துப் பாகு காய்ச்சுகிற மரம். அந்தத் தோப்பில் எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பினான். மரத்துக்கு மரம் நீலக் குழாய் ஓடுகிறது, சாறு சரிவிலேயே இறங்கி அடிவாரக் கொட்டகைத் தொட்டியில் விழுகிறது. மோட்டார் இல்லை, குடம் சுமக்க ஆள் இல்லை. பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. நம் சரிவு அதைவிடச் செங்குத்து. பாளையிலிருந்து குழாய் விட்டு, கீழே ஓடைக்கரையில் கொட்டகை போட்டுக் காய்ச்சலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டன்சத்திரம் சொட்டுநீர்

தம்பி, குழாய் போடுவதுதான் என் பிழைப்பு, அதனால் அந்தப் பகுதியை மட்டும் சொல்கிறேன். நீங்கள் பார்த்தது 3/16 அங்குலக் குழாயாக இருக்கும். உள்விட்டம் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. அவ்வளவு சின்னக் குழாயில் சாறு காற்று இடைவெளி இல்லாமல் நிரம்பி நிற்கும். அதன் எடை கீழே இழுக்க இழுக்க மேலே வெற்றிடம் உண்டாகி, மரத்திலிருந்து இன்னும் சாற்றை உறிஞ்சும். சரிவு கூடினால் இழுவையும் கூடும். மேப்பிள்காரர்களுக்கு மலை லாபமாக இருப்பது இதனால்தான்.

ஆனால் அங்கே அடிமரத்தில் ஒன்றரை, இரண்டு அங்குல ஆழத்துக்குத் துளை போட்டு, காற்றுப் புகாமல் குழாயின் மூக்கை அடித்து இறுக்கிவிடுகிறார்கள். ஒரு பருவம் முழுக்க அதைத் தொடுவதில்லை. உங்கள் பாளையின் வெட்டுவாய் திறந்து கிடக்கும், தினமும் சீவ வேண்டும். அங்கே காற்றை எப்படி அடைப்பீர்கள்? வெற்றிடம் கிடைக்காது. வெறும் ஓட்டத்தில் வேண்டுமானால் இறங்கும். அது நல்லதா கெட்டதா என்று பனை தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கோத்தகிரி அக்கா

தம்பி, குழாய் வேண்டாம். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன், ஆசையோடு கேட்டிருக்கிறீர்கள்.

என் அப்பா இலங்கையில் மாத்தளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி கோத்தகிரிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கூந்தப்பனையை அங்கே கித்துள் என்பார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தாரிடம் கித்துள் சீவப் பழகிய கை அவருக்கு. இங்கே வந்த பிறகும் கீழ்க்கோத்தகிரிப் பக்கம் தெரிந்தவர் நிலத்தில் ஏறி இறக்கி, வீட்டில் பாணி, அதாவது பாகு, காய்ச்சுவார். அடுப்புப் பார்த்தது அம்மாவும் நானும்.

மேப்பிள் சாறு ஊறுவது இரவில் உறைந்து பகலில் உருகுகிற நாட்களில். ஊரே குளிர்ப்பெட்டியாக இருக்கிறது, அதனால் நீளக் குழாயில் வந்து தொட்டியில் கிடந்தாலும் சீக்கிரம் கெடாது. நம் பதநீர் அப்படி இல்லை. இரவெல்லாம் சொட்டி, காலையில் வெயில் ஏறும் முன்பே புளிக்கத் தொடங்கிவிடும். வெயில் படும் குழாயில் அதை ஓடவிட்டால் உள்சுவரெல்லாம் நுரைப்புளிப்பு பிடித்துக்கொள்ளும். அடுத்த நாள் வருகிற நல்ல பதநீரும் அதில் பட்டுக் கெடும். கலயத்தையாவது தினம் கழுவிப் புகை காட்டலாம். அத்தனை நீளக் குழாயை என்ன செய்வீர்கள்?

இன்னொன்று, மேப்பிளில் சர்க்கரை இரண்டு சதவீதம்தான். நாற்பது லிட்டர் வற்றினால் ஒரு லிட்டர் பாகு. அதனால்தான் அவர்களுக்கு ஆயிரக்கணக்கான மரமும் குழாயும் தேவைப்படுகிறது. நமக்குப் பன்னிரண்டு சதவீதம் இருந்தால் ஏழு லிட்டருக்கே ஒரு லிட்டர் வந்துவிடும். மூன்று மரத்துக்குக் குடம் போதும்.

ஆகவே கொட்டகையை ஓடைக்கரையில் வைக்காதீர்கள். மூன்று மரத்துக்கும் நடுவில், சரிவின் பாதியில், விறகு வந்து சேர்கிற இடத்தில் அடுப்பு வையுங்கள். இறக்கியவுடன் துணியில் வடிகட்டி, உடனே தீயில் ஏற்ற வேண்டும். அகலமான, ஆழம் குறைந்த தட்டுச் சட்டி நல்லது. காப்பிக் கவாத்துக் குச்சிகள் தீ மூட்ட உதவும், நின்று எரிய சில்வர் ஓக் கட்டை வேண்டும்.

மரத்தைப் பற்றியும் ஒன்று. கூந்தப்பனை உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பாளை விடும். கடைசிப் பாளை முடிந்தால் மரமும் முடிந்தது. பதினொன்றையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இப்போதே கன்று பார்த்து வளர்த்து வாருங்கள், பூக்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். பழத்தை வெறுங்கையால் தொட வேண்டாம், அரிப்பு தாங்காது.

உடன்குடிப் பேரன்

அக்கா சொன்னது எங்கள் பனைக்கும் பொருந்தும். கூடுதலாக இரண்டு விஷயம்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாமல் ஒரு நாளும் கட்டாதீர்கள். புளிக்காமல் இருக்க மட்டுமல்ல. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. சுண்ணாம்பு இல்லாத கலயம் மரத்தில் தொங்கினால் அது கள் இறக்குவதாகத்தான் பார்க்கப்படும். முதல் பாளையைச் சீவும் முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

ஏறுவது அடுத்தது. பனைமரம் ஏறிய காலுக்குக்கூட மலைப்பனி படிந்த கூந்தப்பனை வழுக்கும். கணு விட்ட மூங்கிலை மரத்தோடு மூன்று நான்கு இடத்தில் இறுக்கிக் கட்டி, இடுப்பு வாரும் போட்டுக்கொண்டு ஏறுங்கள். பழகியவர் ஒருவரைக் கூட்டிவந்து முதல் பருவம் அவர் பின்னால் நின்று பாருங்கள். பாளையைத் தட்டி, நசுக்கி, கட்டிப் பதப்படுத்துவது எழுத்தில் வராது.

தாண்டிக்குடி காப்பித்தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. குழாயை விட்டுவிட்டேன். பாதிச் சரிவில் காப்பி உலர்த்தும் களம் ஒன்று இருக்கிறது, மூன்று மரமும் அதற்குப் பக்கம்தான். அடுப்பு அங்கேயே. ஐப்பசி, கார்த்திகை மழையில் கலயத்தில் தண்ணீர் சேரும் என்பதால் தை பிறந்துதான் தொடங்குவேன். யானை வருகிற பக்கம், கூந்தப்பனை என்றால் அதற்கு உயிர். மரநாயும் கலயத்தைத் தேடும் என்று அப்பா சொல்கிறார்.

அக்கா, பாகுப் பதம் எப்படித் தெரிந்துகொள்வது? 104 டிகிரியில் இறக்கு என்று வெர்மாண்ட் தம்பி சொல்கிறான்.

கோத்தகிரி அக்கா

104 கடற்கரைக் கணக்கு. சமவெளியில் தண்ணீர் 100-ல் கொதிக்கும், அதற்கு மேல் நாலு டிகிரி ஏறினால் பாகு. உங்கள் உயரத்தில் தண்ணீர் 95, 96-லேயே கொதித்துவிடும். 104 வரை காத்திருந்தால் பாகு தாண்டி இறுகிப்போகும், அடியும் பிடிக்கும். அன்றன்று முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்து, அதோடு நாலு கூட்டிக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, தெளிந்ததை மட்டும் சட்டியில் ஊற்றுங்கள். பொங்கி வந்தால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், உடனே அடங்கும். கலயம் மரத்தில் இருக்கும்போது வாயில் வலைத்துணி கட்டினால் மரநாய்க்குப் போதும். யானைக்கு வழி இல்லை. அது வருகிற மாதங்களில் அந்த ஓரத்து மரத்தைச் சீவாமல் விடுங்கள், விடியும் முன்பு தனியாகப் போகாதீர்கள்.