மூலையில் ஒரு மிட்டாய்க் குவியல்

குழு: தாத்தா வீடு

இரவு 9.52
நிலா: (படம்) சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட், இங்குள்ள கலை அருங்காட்சியகம். சுவர் மூலையில் பளபளவென்று கிடப்பதெல்லாம் மிட்டாய். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அம்மா: ஐயோ! காவலாளி பார்த்துவிட்டாரா?

நிலா: அவரே எடுத்துக்கொள் என்று தலையசைத்தார் அம்மா. எடுப்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அம்மா: சும்மா கிடைக்கிறதென்று அள்ளாதே. அந்த ஊரில் பல் வைத்தியத்துக்கு என்ன கேட்பார்கள் என்று தெரியுமல்லவா?

பாலு மாமா: இதைப் பார்க்கவா டிக்கெட் வாங்கினாய்? நம் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் இதைவிட நேர்த்தியாகக் கண்ணாடி ஜாடியில் நிரப்பி வைத்திருக்கிறார்.

கார்த்தி: மாமா, இது ஃபெலிக்ஸ் கொன்சாலஸ் டோரஸ் 1991இல் செய்தது. கியூபாவில் பிறந்தவர். நிலா, மாமாவுக்கு எடையைச் சொல்.

நிலா: 175 பவுண்டு.

பாலு மாமா: 79 கிலோ. என் எடை.

நிலா: ஓர் ஆளின் எடைதான் மாமா. 'லாஸ் ஏஞ்சலிசில் ராஸின் உருவப்படம்' என்று அடைப்புக்குறிக்குள் பெயர் வைத்திருக்கிறார். ராஸ் அவருடைய காதலர். எய்ட்ஸ் வந்து அதே 1991இல் இறந்துவிட்டார். வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுக்க எடுக்கக் குவியல் இளைக்கிறது, அவர் உடம்பு இளைத்ததுபோல. வாயில் போட்ட பிறகுதான் இதைப் படித்தேன்.

இரவு 10.04
அம்மா: ராஸ் என்பது ஆண் பெயர்தானே?

நிலா: ஆமாம் அம்மா.

அம்மா: ம். மிட்டாயைத் துப்பிவிடவில்லையே?

நிலா: இல்லை. கரைந்துவிட்டது.

மீனா சித்தி: பாட்டியின் கடைசி மாதங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வொரு முறை போய்ப் பார்க்கும்போதும் அந்த ஒற்றை வளையல் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். கடைசியில் முழங்கையில் நின்றது.

பாலு மாமா: அது சரி. சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடாதா?

கார்த்தி: மறுபடி நிரப்பலாம். நிரப்புவதும் விடுவதும் வைத்திருப்பவர்கள் விருப்பம் என்று ஃபெலிக்ஸ் விட்டுவிட்டார். அவரும் 1996இல் அதே நோயில் போய்விட்டார்.

பாலு மாமா: ஒருவன் சாக்கோடு வந்தால்? மனிதர்களை நம்பி எதையும் திறந்து வைக்கக் கூடாது.

கார்த்தி: அதையும் ஒருவர் சோதித்துவிட்டார் மாமா. மரீனா அப்ரமோவிச், தன் உடம்பையே கலையாக்கும் நிகழ்த்துகலைஞர். 1974, இத்தாலியின் நேப்பிள்ஸ். மேசையில் 72 பொருள்கள். ரோஜா, தேன், கத்தரிக்கோல், துப்பாக்கி, அதற்கு ஒரு குண்டு. 'இவற்றை என்மேல் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பொறுப்பு என்னுடையது' என்று எழுதி வைத்துவிட்டு 6 மணி நேரம் அசையாமல் நின்றார். முதலில் எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். போகப்போக உடையை வெட்டினார்கள், உடம்பைக் கீறினார்கள். ஒருவர் துப்பாக்கியை அவரை நோக்கித் திருப்பினார். நேரம் முடிந்து அவர் நடக்கத் தொடங்கியதும் கூட்டம் முகம்கொடுக்க முடியாமல் ஓடிவிட்டதாம்.

அம்மா: தூங்கப் போகிற நேரத்தில் இதெல்லாம் எதற்கடா?

பாலு மாமா: நான் சொன்னேனல்லவா!

மீனா சித்தி: அண்ணா, அந்த அம்மாள் ஊரைச் சோதித்தார். இந்தப் பிள்ளை போனவரை ஊருக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. நாம் செத்தவருக்குப் பிண்டம் வைக்கிறோம், இங்கே அவரையே எடுத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். உடம்பு கூசுகிறது. ஆனால் எனக்குப் புரிகிறது.

நிலா: இங்கே ஒரு குழந்தை இரண்டு கையிலும் அள்ளியது. அதன் அம்மா ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டதும் குவியலே கொஞ்சம் சரிந்தது.

பாலு மாமா: நீ எத்தனை எடுத்தாய்? உண்மையைச் சொல்.

நிலா: இரண்டு. இன்னொன்று கோட்டுப் பையில் இருக்கிறது. சாப்பிட மனம் வரவில்லை. டிசம்பரில் வரும்போது உங்களுக்குக் கொண்டுவரட்டுமா?

பாலு மாமா: எனக்குச் சர்க்கரை.

இரவு 10.31
பாலு மாமா: சரி, கொண்டு வா.

அம்மா: அதுவரை எறும்பு ஏறாத இடமாகப் பார்த்து வை.