எஸ்டி மாதிரி சின்ன டெர்மினல்களில் உங்களுக்குக் கைகொடுத்த திருத்தங்கள்: அனுபவம் சொல்லுங்கள்

#1

என்னிடம் இருப்பது 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். பெரிய டெஸ்க்டாப் எதையும் அது தாங்காது என்பதால் எஸ்டி (st) டெர்மினலோடு, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் சாளரத்தோடு, காலம் ஓடுகிறது. தெரியாதவர்களுக்காக: சக்லெஸ் குழுவின் எஸ்டி மொத்தமே சில ஆயிரம் வரி சி நிரல்தான். மெனு கிடையாது, செட்டிங்ஸ் பக்கம் கிடையாது. எழுத்துருவை நிரந்தரமாக மாற்றவேண்டுமென்றால் கான்ஃபிக்.ஹெச் கோப்பைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்யவேண்டும் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றவேண்டும்). மேலே ஓடிப்போன வரிகளைத் திரும்பப் பார்க்கும் ஸ்க்ரோல்பேக் வேண்டுமா? பேட்ச் (நிரலில் ஒட்டும் திருத்தம்) போடு, இல்லையென்றால் அந்த வசதி உள்ள டிமக்ஸ் நிரலை வைத்துக்கொள் என்பதுதான் வெகுகாலமாகப் பதில்.

இப்படிப்பட்ட ஒன்றில் யாரும் பெரிதாக விளம்பரப்படுத்தாத சின்னத் திருத்தங்கள்தான் நாள்முழுக்க உபயோகப்படுகின்றன. எனக்குப் பிடித்தது 2020இல் வந்தது. அதற்கு முன் விம் உரைத்திருத்தியில் வேகமாகப் பக்கம் தள்ளினால் திரை துடிக்கும். விம் ஒரு திரையை வரைய அனுப்பும் பைட்டுகள் மொத்தமாக வந்து சேர்வதில்லை, துண்டு துண்டாகத்தான் வரும். எஸ்டி பாதி வந்ததுமே வரைந்துவிடும், மீதி வந்ததும் இன்னொரு தடவை வரையும். அந்தப் பாதித் திரைதான் துடிப்பாகத் தெரிந்தது.

திருத்தம் என்ன செய்தது? வரத்து நிற்கும்வரை கொஞ்சம் பொறு என்றது. கிட்டத்தட்ட 8 மில்லிசெகண்டுக்குப் புதிதாக எதுவும் வராவிட்டால் வரை. விடாமல் வந்துகொண்டே இருந்தால் 33 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருக்காதே. காத்திருக்கக் காத்திருக்க அந்த 8உம் சுருங்கிக்கொண்டே போகும், அதுதான் இதில் நுணுக்கம். பிந்தைய பதிப்புகளில் 8ஐ 2 ஆக்கிவிட்டார்கள். விசை அடித்ததும் எழுத்து சீக்கிரம் தெரியும் என்பது லாபம். என் லேப்டாப் மெதுவானது என்பதால் நான் 8ஐயே திரும்பப் போட்டுக்கொண்டேன், துடிப்பு இல்லை.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

#2

எமோஜி கதையை யாரும் ஆரம்பிக்கவில்லையே! 2022க்கு முன்பு எஸ்டி வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் இது நடந்திருக்கும். கிட் லாக் (நிரலில் செய்த மாற்றங்களின் பட்டியல்) பார்த்துக்கொண்டிருப்பேன், யாரோ காமிட் செய்தியில் (மாற்றத்தைப் பற்றிய குறிப்பில்) ராக்கெட் படம் போட்டிருப்பார், அது திரைக்கு வந்த நொடியில் டெர்மினல் சாளரமே காணாமல் போகும். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது எல்லாம் சேர்ந்து போகும்.

தவறு எஸ்டியில் இல்லை. எழுத்துகளை வரைந்து கொடுக்கும் லிப்எக்ஸ்எஃப்டி நூலகத்துக்கு வண்ண எழுத்துருவைக் கையாளத் தெரியாது. திரையைக் கவனிக்கும் எக்ஸ் சர்வர் பிழை அனுப்பும், எஸ்டி செத்துவிடும். வண்ண எமோஜி எழுத்துருவையே கணினியிலிருந்து தூக்கிவிடுவது ஒரு வழி. நூலகத்துக்கு யாரோ எழுதிவைத்த பேட்ச்சைப் போட்டு நாமே கம்பைல் செய்வது இன்னொரு வழி, அப்போது பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். 2022இல் லிப்எக்ஸ்எஃப்டி 2.3.5 பதிப்பில் அந்த வசதி முறையாகச் சேர்ந்தது. எஸ்டியில் ஒரு வரிகூட மாற்றாமல் எஸ்டியின் பெரிய பிரச்சினை தீர்ந்தது.

#3

நான் சர்வர் பக்கம் வேலை பார்ப்பவன். சுருக்கமாக.

எஸ்டியிலிருந்து பழைய சர்வர் ஒன்றுக்கு எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) போனால் திரையைத் துடைக்கும் கிளியர் வேலை செய்யாது, கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் "டெர்மினல் முழுதாக இயங்கவில்லை" என்று எச்சரிக்கும். எஸ்டி தன்னை எஸ்டி-256கலர் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும், அந்தப் பெயர் அந்த சர்வரின் டெர்ம்இன்ஃபோ பட்டியலில் (எந்த டெர்மினலுக்கு என்ன தெரியும் என்ற குறிப்பில்) இருக்காது. நிறையப் பேர் டெர்ம் மாறியில் எக்ஸ்டெர்ம்-256கலர் என்று பொய் சொல்லிச் சமாளிப்பார்கள். பெரும்பாலும் ஓடும், ஆனால் எங்காவது ஒரு விசை இடக்குப் பண்ணும். எஸ்டியின் குறிப்பை எழுதித்தரும் இன்ஃபோகம்ப் கட்டளையின் வெளியீட்டை எஸ்எஸ்ஹெச் வழியாக அந்தப் பக்கம் அனுப்பி டிக் கட்டளையால் பதிந்துவிடுங்கள். உங்கள் ஹோம் அடைவுக்குள்ளேயே பதியும், ரூட் அனுமதி தேவையில்லை.

டெலீட் விசை வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள் முதலில் எஸ்டியின் கேள்வி-பதில் கோப்பைப் படியுங்கள். .இன்புட்ஆர்சி கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் தீரும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

#4

நான் கோப்புப் பெயர்களைத் தமிழில் வைப்பவன். எஸ்டியில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தபோது "மீன் குழம்பு" என்ற கோப்பு "மன குழமபு" என்று வந்தது. "பெயர் பட்டியல்" என்பது "பயெர படடியல" ஆனது. கொஞ்ச நேரம் சிரித்தேன், அப்புறம் ஏன் என்று மூல நிரலைத் தோண்டினேன்.

டெர்மினல் என்பது சம அகலக் கட்டங்கள். ஒவ்வொரு யூனிகோட் குறியும் எத்தனை கட்டம் என்று டபிள்யூசிவிட்த் என்ற செயற்கூற்றை எஸ்டி கேட்கும். தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் யூனிகோட் பட்டியலில் இடம் கொள்ளாத குறிகள், அகலம் 0. ஆ, இ, உ, எ குறிகள் எல்லாம் இடம் கொள்பவை, அகலம் 1. எஸ்டியில் ஒரு கட்டத்துக்கு ஒரு குறிதான். அகலம் 0 என்று வந்த புள்ளியை அடுத்த கட்டத்தில் வைத்துவிட்டு, கர்சரை நகர்த்தாமல் நிற்கும். அடுத்த எழுத்து வந்து அதன் மேலேயே உட்காரும். அதனால்தான் புள்ளி எல்லாம் மாயம், "மீ" வெறும் "ம". எகரக் கொம்பு சேமிப்பில் எழுத்துக்குப் பின்னால்தான் இருக்கும், அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்து வடிவமைக்கும் நூலகத்தின் வேலை. எஸ்டி அந்த நூலகத்தைக் கூப்பிடுவதே இல்லை. எனவே "ப"வின் கொம்பு "ய"வுக்குப் போய்விட்டது.

இதற்காகத்தான் ஃபுட் டெர்மினலுக்கு மாறினேன். அதுவும் சி நிரல், அதுவும் சின்னதுதான், ஆனால் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைக்கும் நூலகத்தோடு சேர்த்துக் கம்பைல் செய்தால் எழுத்தையும் குறிகளையும் ஒரே கூட்டாக எடுத்து வரையும். கொம்பு இடப்பக்கம் வந்தது, புள்ளியும் வந்தது. நிம்மதி என்று நினைத்தால் அடுத்த வில்லங்கம் ஷெல்லில் (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி இயக்கும் நிரல்). கண்ணுக்குக் "கி"யும் "கீ"யும் கிட்டத்தட்ட ஒரே அகலம்தான். ஷெல்லின் கணக்கில் "கி" இரண்டு கட்டம், "கீ" ஒன்று. "கி" அடித்துவிட்டு பேக்ஸ்பேஸ் தட்டினால் குறி மட்டும் போகும், "கீ" என்றால் எழுத்தோடு சேர்ந்து போகும். டெர்மினலும் உள்ளே ஓடும் நிரலும் ஒரே கணக்கை வைத்திருக்காவிட்டால் கர்சர் ஓரிடம், எழுத்து வேறிடம் என்று ஆகிவிடும். டெர்மினலை மட்டும் திருத்தி இதைத் தீர்க்க முடியாது. கூட்டெழுத்துக் கணக்கை இருவரும் பேசி ஒப்புக்கொள்ள 2027 என்ற எண்ணில் ஒரு முறைமை சில டெர்மினல்களில் வந்திருக்கிறது, நிரல்களும் அதைக் கேட்டுப் பழகவேண்டும்.

#5

#4, அந்த மன குழமபைப் படித்துவிட்டு அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

#6

எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலை யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். சின்னது என்று அதை யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், ஆனால் சின்னச் சின்னத் திருத்தமாகவே ஒரு நிரலை எப்படி வாழவைப்பது என்று பார்க்க அதன் மாற்றப் பதிவைப் படிக்கவேண்டும். 1984இல் தொடங்கிய நிரல். 1996 முதல் தாமஸ் டிக்கி பார்த்துக்கொள்கிறார், பேட்ச் எண் 390ஐத் தாண்டிவிட்டது. #3 சொன்ன டெர்ம்இன்ஃபோ பட்டியல் வருகிற என்கர்சஸ் நூலகமும் அவர் பராமரிப்பில்தான்.

எனக்குப் பயன்பட்டது ஒட்டுவதில் வந்த மாற்றம். முன்பெல்லாம் இணையப் பக்கத்திலிருந்து கட்டளையை எடுத்து ஒட்டினால், கடைசியில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டு வந்து, படித்துப் பார்ப்பதற்குள் கட்டளை ஓடிவிடும். 2004 என்ற எண்ணுள்ள முறைமையில் டெர்மினல், ஒட்டிய பகுதியின் முன்னும் பின்னும் ஒரு அடையாளம் வைத்து அனுப்பும். இது தட்டச்சு செய்தது அல்ல, ஒட்டியது என்று ஷெல்லுக்குத் தெரிந்துவிடும், நாம் என்டர் அடிக்கும்வரை பொறுக்கும். 2020 டிசம்பரில் வந்த பேஷ் ஷெல்லின் 5.1 பதிப்பு முதல் இது இயல்பாகவே இயங்குகிறது. ஒட்டும் உரைக்குள்ளேயே முடிவு அடையாளத்தை ஒளித்துவைத்து ஏமாற்றலாம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அதை வடிகட்டும் வேலை டெர்மினல்கள் தலையில் விழுந்தது.

சில சமயம் எஸ்எஸ்ஹெச் இணைப்பு நடுவில் அறுந்தபின் எதை ஒட்டினாலும் முன்னால் 0~, பின்னால் 1~ என்று குப்பை வரும். முறைமையை அணைக்காமல் அந்தப் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். ரீசெட் என்று அடித்தால் சரியாகும்.

#1

#4, ஃபுட் வேலேண்ட் என்ற புதிய திரை அமைப்பில் மட்டும்தானே ஓடும்? நான் இன்னும் பழைய எக்ஸ்11தான். தமிழுக்கு வேறு ஏதாவது?

#4

எம்எல்டெர்ம் பாருங்கள். பன்மொழிக்கென்றே எழுதியது, இந்திய எழுத்துகளையும் மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். 2 ஜிபி ரேமுக்குப் பாரமாக இருக்காது. கம்பைல் செய்யும்போது ஹார்ஃப்பஸ் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள், இல்லாவிட்டால் கொம்பு பழையபடி வலப்பக்கம்தான். ஷெல்லில் கர்சர் தள்ளிப்போவது அங்கேயும் இருக்கும்.