கிராண்ட் கேன்யன் பழைய டோப்போ ஷீட்: பழுப்புத் தீற்றல் அச்சுக் கோளாறா?

மடித்ததாள்:
நண்பர் ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது கிராண்ட் கேன்யனின் பிரைட் ஏஞ்சல் பகுதிக்கான பழைய டோப்போ ஷீட் (மேடு பள்ளம் காட்டும் நிலவரைபடம்) ஒன்றைக் கொடுத்தார். அளவு 1:48,000, சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் பழுப்புக் கோடுகள்) 50 அடி உயரத்துக்கு ஒன்று. கொலராடோ ஆற்றின் இரு பக்கமும் சில இடங்களில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, தீற்றிவிட்ட மாதிரி இருக்கின்றன. மை கசிந்துவிட்டதா? அப்புறம், 1928-ல் கட்டிய தொங்குபாலம் இதில் இல்லை. அப்போ அதற்கு முன்னால் அச்சானதுதானே?

கோட்டுக்கிறுக்கன்:
மை எங்கேயும் கசியவில்லை, அது ரெட்வால் சுண்ணாம்புப் பாறை. ஏறக்குறைய 500 அடிக்குச் செங்குத்தாக நிற்கும் சுவர். 50 அடிக்கு ஒன்று என்றால் பத்துக் கோடு, அதுவும் இந்த அளவில் ஒரு அங்குலம் 4,000 அடி என்பதால் பத்தும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும், வேறு எப்படி வரும்? லென்ஸ் வைத்துப் பாருங்கள், கோடு கோடாகப் பிரியும். அதற்குக் கீழே கோடுகள் திடீரென்று விலகி ஓடும் பாருங்கள், அது டோன்டோ மேடை, பள்ளத்தாக்குக்குள்ளேயே இருக்கும் அகலமான சமதளம். பிரான்சுவா மாத்தேஸ் என்ற நில அளவையாளர் 1902-ல் இந்தப் பகுதியை அளக்கத் தொடங்கினார், விமானப் படம் எதுவும் கிடையாது, மேசைப் பலகையை (முக்காலியில் பொருத்திய வரைபலகை) விளிம்பில் நிறுத்திக் கண்ணால் பார்த்து வரைந்தது. எனக்கு இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

தகடு:
பாலத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். அந்தக் காலத்தில் செப்புத் தகட்டில் ஒருமுறை செதுக்கிவிட்டால், திருத்தாமலே பல வருஷம் கழித்தும் அதிலிருந்து அச்சடிப்பார்கள். அதனால் பாலம் கட்டிய பிறகு அச்சானதிலும் பாலம் இல்லாமல் இருக்கலாம். ஓரத்தில் பதிப்பு ஆண்டுக்குப் பக்கத்தில் மறுஅச்சு ஆண்டு தனியாகச் சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

ஊர்சுற்றி:
இதை எடுத்துக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடாதீர்கள், ஓரத்தில் உள்ள காந்த விலக்கம் (திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோணம்) அந்த வருஷத்துக்கானது, அது காலப்போக்கில் மாறும். சரி, கிழக்கே ஒட்டியிருக்கும் ஷீட்டின் பெயரே விஷ்ணு, தெரியுமா? அங்கே ஒரு சிகரத்துக்கு கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 1880களில் விஷ்ணு டெம்பிள் என்று பெயர் வைத்தார், பக்கத்திலேயே கிருஷ்ணா ஷ்ரைனும் உண்டு.

மடித்ததாள்:
லென்ஸில் பார்த்தேன், பிரிகிறது! ஒரு இடத்தில் எட்டு வரை எண்ணினேன், அப்புறம் கண் தோற்றுவிட்டது. மறுஅச்சு ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் மடிப்பு கிழிந்திருக்கிறது.