ஏரித் தண்ணீர் ஆளைத் தூக்காது: கனடா போகும் நம் கரைப் பிள்ளைகளுக்கு

ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், அப்பா வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இந்த வாரம் மட்டும் மூன்று பேர் வந்து விவரம் கேட்டுவிட்டுப் போனார்கள், உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி, தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அக்காவும் தம்பியும், மூவருமே செப்டம்பரில் டொராண்டோ பக்கம் படிக்கப் போகிறார்கள். வாடகை, பஸ் பாஸ், குளிர்கோட்டு எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில் உச்சிப்புளித் தம்பி போனில் ஒரு படத்தைக் காட்டினான். சுற்றிலும் காடு, நடுவில் அசையாத ஏரி, அதில் சிவப்பு நிறத்தில் ஒரு கேனூ, துடுப்பு போட்டு ஓட்டும் ஒல்லிப் படகு. "போனதும் முதல்ல இங்கதான்க்கா போகணும், நமக்கு நீச்சல் சொல்லியா கொடுக்கணும்?" என்றான். அவன் சந்தோஷமாகக் கேட்டதுதான், ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று, கண்டிப்பாகப் போங்கள். நான் போன முதல் வருடம் முழுக்க வேலை, வீடு, வேலை என்றே ஓடி, கடலில்லாத ஊரில் மாட்டிக்கொண்டோமே என்று மனம் ஒடிந்து கிடந்தேன். அதிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது அந்த ஏரிகள்தான். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் அரசுக் காட்டுப் பூங்காவான அல்கான்குவின் 1893 முதல் இருக்கிறது, பரப்பளவு ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீட்டர், உள்ளே ஏரிகள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல். டொராண்டோவிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பூங்காவைக் குறுக்கே கடக்கும் 60ஆம் நெடுஞ்சாலையை ஒட்டியே நடைபாதைகளும் குளிக்கும் இடங்களும் இருக்கின்றன. அங்கே எல்லோரும் காட்டேஜ், காட்டேஜ் (ஏரிக்கரை விடுமுறை வீடு) என்று பேசுவது மஸ்கோகா, ஹாலிபர்ட்டன், கவார்த்தா பக்கங்களைத்தான்.

இப்போது நான் சொல்ல வந்தது. 2016 ஜூனில், ஹாலிபர்ட்டன் பக்கம் ஒரு ஏரிக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். என் சித்தி மகன், பாம்பனில் வளர்ந்தவன், பத்து வயதிலேயே வத்தையில், அதாவது சின்னப் படகில், கடலுக்குப் போனவன். நல்ல வெயில், 28 டிகிரி. ஆள் உயரப் பாறையிலிருந்து குதித்தான். மேலே வந்தான், வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நான் விளையாடுகிறான் என்றே நினைத்துக் கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் தண்ணீரை அடித்தனவே தவிர ஆள் நகரவில்லை. பக்கத்தில் கேனூவில் போய்க்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாதான் புரிந்துகொண்டு, வேகமாகத் திருப்பிவந்து துடுப்பை நீட்டினார். அவன் கேனூவின் நுனியைப் பிடித்துக்கொள்ள, அப்படியே கரைக்கு இழுத்து வந்தார். பன்னிரண்டு மீட்டர்கூட இருக்காது அந்தத் தூரம். உதடு நீலமாகி, ஒரு மணி நேரம் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. "மூச்சை இழுக்கவும் முடியலக்கா, விடவும் முடியல" என்றான். மூழ்குகிற ஆள் கத்துவார், கூப்பிடுவார் என்று நினைக்காதீர்கள். சத்தமே வராது.

ஊருக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "நல்ல தண்ணியா?" ஆமாம் என்றேன். "அப்ப ஆளைத் தூக்காதே." நாற்பது வருடம் கடலில் இருந்தவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது, அதனால் நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் கனம். கேட்கச் சின்னக் கணக்குதான், ஆனால் மல்லாந்து படுத்தால் நம்மைத் தாங்கிப் பிடிப்பது அந்தக் கனம்தான். ஒல்லியான உடம்புக்காரர்கள் ஏரியில் கைகாலை அசைக்காமல் இருந்தால் மெல்ல மெல்ல இறங்கிவிடுவார்கள்.

அடுத்தது குளிர். நம் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பாக இருப்பதால், தண்ணீரே உடம்பைத் தாக்கும் என்பது நமக்குத் தெரியாது. அல்கான்குவினில் ஏப்ரல் கடைசியிலும் சில வருடங்களில் மே மாதத்திலும்தான் ஏரிப் பனி உருகுகிறது. ஜூனில் மேலே ஒரு ஆள் ஆழம் வெயிலில் சூடேறியிருக்கும், அதற்குக் கீழே பனிக்கட்டியாகக் குளிரும். குதித்தால் நேராக அந்தக் குளிருக்குள்தான் போவீர்கள். மானிடோபா பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மிகக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு நம் கையில் இருக்காது, அதைத் தாண்டினால் கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் நீந்தப் பார்க்காமல் தலையை மட்டும் மேலே வைத்து மூச்சை நிதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு நிமிடம் உங்களை மேலே வைத்திருப்பது லைஃப் ஜாக்கெட், நீச்சல் இல்லை. எனவே குதிக்காதீர்கள், நடந்து இறங்குங்கள், முகத்தையும் பிடரியையும் நனைத்துக்கொண்டு இறங்குங்கள்.

நடந்து இறங்கும்போதும் கவனம். ஏரி என்றதும் நம் மனதில் வருவது ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய், நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை. கண்மாய் நம் ஆட்கள் கரை போட்டுத் தேக்கியது, மெல்ல மெல்லத்தான் ஆழம் கூடும். பாக் நீரிணைப் பக்கத்து நம் வடகடலிலும் அப்படித்தான், இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். ஒன்டாரியோவின் அந்த ஏரிகள் பனிப்பாறைகள் பாறையைச் சுரண்டிவிட்டுப் போன பள்ளங்கள். இரண்டு எட்டு வைத்தால் இடுப்பு, மூன்றாவது எட்டில் தரை இருக்காது. காட்டு இலைதழை ஊறி, தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருப்பதால் அடியும் தெரியாது. ஒன்டாரியோவின் அரசுப் பூங்காக் கரைகளில் உயிர்காப்பாளர் யாரும் நிற்கமாட்டார்கள். மிதவை கட்டிய எல்லைக்குள்ளேயே குளியுங்கள், தனியாக இறங்காதீர்கள்.

கேனூ பற்றி. வத்தையில் நின்று கோல் ஊன்றிப் பழகிய பிள்ளைகள் கேனூவிலும் எழுந்து நிற்பார்கள், உடனே கவிழும். முட்டி போட்டு உட்கார்ந்தால் கேனூ நிலையாக இருக்கும். கவிழ்ந்தால் கேனூவை விடாதீர்கள், அது மிதக்கும். மதியத்துக்கு மேல் காற்று ஏறும், ஓபியாங்கோ மாதிரிப் பெரிய ஏரியில் அலை எழும்பிவிடும், காலையிலேயே போய்வந்துவிடுங்கள், முடிந்தவரை கரையை ஒட்டியே போங்கள். படகில் ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்தால் போதாது, போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், இதில் நம் ஆட்கள் தெரியாமல் சங்கடப்படுகிறார்கள். இங்கே கடற்கரை யாருடையதும் இல்லை, அரியமானிலோ தனுஷ்கோடியிலோ எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். அங்கே மஸ்கோகா மாதிரி இடங்களில் கரையில் பெரும்பகுதி தனியார் மனை. அழகாக இருக்கிறதே என்று காரை ஓரங்கட்டி இறங்கினால் யாருடைய வீட்டுப் பின்கட்டிலோ நிற்போம். அரசுப் பூங்கா, ஊராட்சி நடத்தும் பொதுக்கரை, படகு இறக்குவதற்கான பொது இடம், இந்த மூன்றையும் தேடிப் போங்கள். அரசுப் பூங்காவுக்குக் காருக்கு நாள் பெர்மிட் வேண்டும், விடுமுறை நாட்களில் தீர்ந்துவிடும், முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். டென்ட் போடும் இடத்துக்கு ஐந்து மாதம் முன்பே பதிவு திறந்துவிடும். பல ஏரிகளில் போன் சிக்னல் கிடையாது, எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

மீன் பிடிக்க ஆசை வரும், வராமல் இருக்குமா? 18 வயது முதல் 64 வரை உரிமம் கட்டாயம், எந்த மீன் எத்தனை எடுக்கலாம் என்று ஏரிக்கு ஏரி விதி உண்டு. அல்கான்குவினில் உயிருள்ள மீனை இரையாகக் கொண்டுபோகக்கூடக் கூடாது. பெரிய மீனாகப் பார்த்து எடுக்கிற நம் பழக்கத்தை அங்கே விட்டுவிடுங்கள், ஏரியின் பெரிய வேட்டை மீன்களில்தான் பாதரசம் சேர்ந்திருக்கும். எந்த ஏரி மீனை மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று மாகாண அரசே பட்டியல் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். அப்புறம், டென்ட் பக்கத்தில் கருவாடு வறுக்காதீர்கள். அங்கே கருங்கரடி உண்டு, அதன் மோப்பம் நமக்குக் கற்பனைக்கு எட்டாது. சாப்பாடு, எண்ணெய், பற்பசை வரை எல்லாவற்றையும் இரவில் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

மே நடுவிலிருந்து ஜூன் வரை கருப்பு ஈ தோலைக் கடித்து ரத்தம் வரவைக்கும், உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம், முழுக்கைச் சட்டை போட்டு, பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகிக்கொண்டு நடங்கள். நீங்கள் போகும் செப்டம்பரில் ஈத்தொல்லை இருக்காது. மாத இறுதியில் மேப்பிள் இலைகள் செம்பருத்திச் சிவப்பில் நிற்கும், சாயங்காலம் காற்று அடங்கியதும் லூன் என்ற நீர்ப்பறவை கூவும், அவர்களுடைய ஒரு டாலர் நாணயத்தில் இருக்கிறதே, அதே பறவைதான். முதல் தடவை கேட்டபோது என் மகள் யாரோ அழுகிறார்கள் என்று டென்ட்டுக்குள் ஓடிவந்தாள். இப்போது அதைக் கேட்பதற்காகவே கிளம்பச் சொல்கிறாள்.

லைஃப் ஜாக்கெட்டை இங்கே மதுரையிலோ ராமநாதபுரத்திலோ வாங்கிப் பெட்டியில் அடைக்காதீர்கள், கனடா போக்குவரத்துத் துறை அங்கீகரித்த முத்திரை உள்ளே தைத்திருப்பதுதான் அங்கே செல்லும். வாங்க வசதி இல்லையென்றால் பல அரசுப் பூங்காக்களில் இரவலாகவே தருகிறார்கள். போட்டு எல்லாக் கொக்கியையும் மாட்டியபின், பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். தாடைக்கு மேல் ஏறி வந்தால் அது உங்கள் அளவு இல்லை.