மலை ஊராட்சியில் இணையவழி வீட்டு வரி: ரொக்கமாகத் தருபவர்களிடம் எப்படி வாங்குவது?

கேள்வி (ஊராட்சிச் செயலர், ஏற்காடு ஒன்றியம்)

வணக்கம். 2023-இல் கிராம ஊராட்சிகளுக்கு இணையவழி வரி வசூல் தளம் வந்த பிறகு, ரொக்கமாக வாங்க வேண்டாம் என்று எங்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் மக்கள் கையில் காசு புழங்குவது காப்பிப் பழம் பறிக்கும் காலத்திலும் அதையடுத்து வரும் மிளகு அறுப்பிலும்தான். அந்தக் கூலியும் ரொக்கமாகவே வருகிறது. அவர்கள் தரும் நூறு இருநூறை வாங்கிக்கொண்டு என் சொந்தக் கைப்பேசியிலிருந்து அவர்கள் பெயருக்குக் கட்டிவிடுகிறேன். சென்ற மார்ச் கடைசியில் ஒரே நாளில் பதினெட்டு வீடுகளுக்கு இப்படிக் கட்டினேன். கருவியில் வரும் ரசீதையோ அவர்கள் ரேஷன் அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் வைக்கிறார்கள். சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடுகிறது. வேறு ஊராட்சிகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் (ஓய்வுபெற்ற மாநகராட்சி வரித்தண்டலர், அம்மாப்பேட்டை, சேலம்)

தம்பி, முதலில் சொந்தக் கணக்கிலிருந்து கட்டுவதை நிறுத்துங்கள். ஊராட்சிப் பணம் ஒரு நாள் உங்கள் பையில் தங்கினாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், வாய்மொழியாகச் சொன்னவர் அன்று பக்கத்தில் இருக்கமாட்டார். ரொக்கம் கூடாது என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். கூடும் என்றால் ரசீதுப் புத்தகம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மங்கும் ரசீது பெரிய சிக்கல் அன்று. அந்தத் தாளில் எழுத்து மையால் அச்சாவதில்லை, சூட்டால் தோன்றுவது. பிளாஸ்டிக் உறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம் மங்கும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லுங்கள், அல்லது வரிவிதிப்பு எண்ணையும் கட்டிய தேதியையும் ஒரு தாளில் பேனாவால் எழுதி, கையெழுத்திட்டு, அலுவலக முத்திரை வைத்துக் கொடுங்கள். மாநகராட்சியில் கணினி வந்த புதிதில் நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

பதில் (மகளிர் குழு உறுப்பினர், வாழவந்தி)

ரசீதைவிடப் பெயர்தான் எங்களுக்குத் தலைவலி. எங்கள் ஊரில் மூன்று காளியப்பன்கள் இருக்கிறார்கள். பழைய கேட்புப் பதிவேட்டில் (எந்த வீட்டுக்கு எவ்வளவு வரி என்று எழுதி வைக்கும் புத்தகம்) முன்பிருந்த எழுத்தர் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘பலாமரத்து வீடு’, ‘கிணற்றுமேட்டு வீடு’ என்று பென்சிலால் குறித்திருந்தார். கணினியில் ஏற்றியபோது பெயரையும் எண்ணையும் மட்டும் எடுத்துக்கொண்டு பென்சில் குறிப்பை விட்டுவிட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பையன் தன் அப்பாவுக்காக அங்கிருந்தே வரி கட்டினான். அது கிணற்றுமேட்டுக் காளியப்பனின் கணக்கில் வரவாகிவிட்டது. மின் இணைப்பு கேட்டு விண்ணப்பிக்கப் போனபோதுதான் தன் வீட்டுக்கு நிலுவை நிற்பது அந்த அப்பாவுக்குத் தெரிந்தது. வீட்டு வரி ரசீதால் நிலம் சொந்தமாகிவிடாது என்பது எல்லாருக்கும் தெரியும். என்றாலும் பட்டா இல்லாத வீட்டுக்காரருக்குக் கையில் காட்ட வேறு என்ன தாள் இருக்கிறது?

வசூலுக்கு ஒரு யோசனை: ரேஷன் பொருள் கொடுக்கும் நாளில் கடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்காருங்கள். அங்கே ஏற்கெனவே கருவி ஓடுவதால் சிக்னல் கிடைக்கிறது என்று பொருள், ஊரும் திரண்டு வருகிறது. பெட்டிக்கடை வரை கியூஆர் அட்டை வந்துவிட்ட பிறகு, வீட்டில் ஒருவருக்காவது பணம் அனுப்பத் தெரிந்திருக்கும். இல்லாவிட்டால் எங்கள் குழுப் பெண்கள் உதவுவார்கள். ஆனால் பணம் அவரவர் கணக்கிலிருந்துதான் போக வேண்டும், ஐயா சொன்னது சரி.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ரொக்கம் பற்றி எழுத்தில் தெளிவுரை கேட்டு இன்று கடிதம் எழுதிவிட்டேன். அக்கா சொன்ன பென்சில் குறிப்பைப் படித்ததும் பீரோவைத் திறந்து எங்கள் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஓரங்களைச் செல் அரித்திருக்கிறது, ஆனால் குறிப்புகள் இருக்கின்றன. ‘மாட்டுக்கொட்டகைக்கு எதிர் வீடு’ என்று ஒன்று. அந்தக் கொட்டகை இப்போது இல்லை. நாளை தண்ணீர்த் தொட்டி இயக்குபவரை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன், எந்த வீடு யாருடையது என்று அவருக்குத் தெரியும். தளத்தில் கதவு எண்ணுக்குப் பக்கத்தில் இந்த அடையாளத்தைச் சேர்க்க வழி உண்டா என்பதை மட்டும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.