டெர்ரேரியம்: தமிழில் ஒரு சொல்லா, இரண்டு சொற்களா?

அன்புடையீர், வணக்கம்.

ஆஸ்திரேலிய மண்ணுக்குரிய தவளைகளை வீட்டில் வளர்ப்பது குறித்து இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக உருவாகிவரும் கையேட்டில், செடியோ சிறு உயிரோ வளர்க்கும் கண்ணாடிப் பெட்டியாகிய 'டெர்ரேரியம்' என்பதற்கு என்ன எழுதுவது என்ற கேள்விக்கு இதுவரை நான்கு விடைகள் வந்துள்ளன. நிலவாழ் உயிரினக் காட்சியகம், கண்ணாடித் தோட்டம், தவளைத் தொட்டி என்பவை மூன்று. அயற்சொல்லை அப்படியே எழுதிவிடலாம் என்பது நான்காவது. நால்வரும் காரணம் காட்டியே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் ஆங்கிலத்தார் அந்த ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறார்கள் என்பதை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. செடிக்குரிய பெட்டியின் பராமரிப்பு முறையைத் தவளைக்குரிய பெட்டியில் கையாண்டால் தவளை பிழைக்காது என்பதால், இதைத் தீர்த்துக்கொண்டு மேலே செல்வதே முறை என்று கருதுகிறேன்.

இந்தப் பெட்டியின் வரலாறு செடியில் தொடங்குகிறது. லண்டன் மருத்துவரான நத்தானியல் பாக்ஷா வார்டு, 1829ஆம் ஆண்டில் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணில் வைத்து மூடிய புட்டியில் பாதுகாத்தபோது, புகைபடிந்த அந்நகரின் காற்றில் அவரால் வளர்க்க முடியாதிருந்த பெரணி அந்தப் புட்டிக்குள் தானாகவே முளைத்து நின்றதைக் கண்டார். மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் படிந்து நீராகி மீண்டும் மண்ணுக்கே இறங்குவதால், மூடிய கலத்துக்குள் செடி நெடுங்காலம் வாழும் என்பது அவருக்குப் புலப்பட்டது. 1833இல் அவர் பெரணிகளும் புற்களும் நிறைந்த மூடிய பெட்டிகளைக் கப்பலில் அனுப்பிச் சோதித்தது நான் வாழும் இந்தச் சிட்னி நகருக்குத்தான். செடிகள் உயிரோடு வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் 1876இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து ரப்பர் நாற்றுகள் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்ததும் இவ்வகைப் பெட்டிகளில்தான். இன்று புட்டியிலும் குடுவையிலும் பாசியும் பெரணியும் வளர்த்து மேசைமேல் வைக்கிறார்களே, அது வார்டின் பெட்டிக்கு நேர் வாரிசு. மூடி வைப்பதே அதன் உயிர்.

தவளை வாழும் பெட்டிக்கோ காற்றோட்டமே உயிர். தவளை தன் தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது. நீரை வாயால் குடிக்காமல் அடிவயிற்றின் பின்பகுதித் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஆதலால் அது உட்காரும் பரப்பில் என்ன இருக்கிறதோ அது தவளையின் உடம்புக்குள் போகும். காற்றுப் புகாத பெட்டியில் கழிவிலிருந்து அம்மோனியா சேரும், பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகும், தோலில் புண் வரும். செடிக் குடுவையின் கண்ணாடியில் காலையில் நீர்த்துளிகள் கோத்து நின்றால் அது நலத்தின் அறிகுறி. பச்சை மரத்தவளையின் பெட்டியில் அதே துளிகள் நண்பகல் வரை உலராமல் நின்றால், காற்றோட்டத்துக்கான மேல் வலையை எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். 'கல்லுக்குள் தேரை' என்ற நம் வழக்கு அடைபட்ட இடத்திலும் தவளை எப்படியோ பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணத்தை மனத்தில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அவ்வழக்கு இறைவனின் அருளைச் சொல்ல வந்தது. வளர்ப்போருக்கு அதில் வழிகாட்டல் ஏதுமில்லை.

ஆகவே தமிழில் இரண்டு சொற்கள் வேண்டும். செடிக்குரியதைக் 'குடுவைத் தோட்டம்' என்று வழங்கலாம். குடுவை என்றதும் குறுகிய வாயும் மூடியும் மனத்தில் தோன்றும், தோட்டம் என்றதும் அது செடிக்கு உரியது என்பது விளங்கிவிடும். 'கண்ணாடித் தோட்டம்' என்பதை விட இது பொருளுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. தவளைப் பெட்டியைப் பொறுத்தவரை கண்ணாடியைப் பெயரில் ஏற்றுவதே தகாது. கண்ணாடி புறஊதா-பி கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். சன்னலோரம் வைத்தால் வெயில் கிடைக்கும் என்று நம்பி வைப்பவரின் பெட்டிக்குள் வெப்பம் மட்டுமே ஏறும், எலும்பு உறுதிக்கு உதவும் கதிர் வராது. விளக்கைக் கண்ணாடிக்கு வெளியே பக்கவாட்டில் பொருத்தாமல் மேல் வலையின்மீது பொருத்துவதற்கும் இதுவே காரணம்.

'தொட்டி' என்ற சொல்லை முன்மொழிந்த அன்பர், மக்கள் ஏற்கெனவே மீன்தொட்டி என்கிறார்கள், ஆகையால் தவளைத் தொட்டி என்பது தானே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று எழுதியிருந்தார். பேச்சில் அது நிச்சயமாக வரும். என் வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் தொட்டி என்றால் நீர் நிற்கும் இடம் என்ற பொருள் நம் வீடுகளில் ஊறிக் கிடக்கிறது. புதிதாகத் தவளை வளர்க்க வருபவர் அரைத் தொட்டி நீரை நிரப்பி நடுவில் ஒரு கல்லை வைத்துவிடுகிறார். பச்சை மரத்தவளை கிளையில் ஏறி வாழும் இனம், நீந்துவதில் வல்லதன்று. அதற்கு வேண்டியது அது உட்கார்ந்தால் தலை மேலே நிற்கும் அளவுக்கு ஆழம் குறைந்த ஒரு நீர்த்தட்டு, கனமான குறுக்குக் கிளைகள், அகலத்தைக் காட்டிலும் உயரம். இரண்டு மூன்று தவளைகளுக்கு 60 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். தொட்டி என்ற சொல் கையை நீரை நோக்கி இழுத்துச் செல்கிறது என்பதே என் மறுப்பு.

'காட்சியகம்' பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. பார்ப்பவரின் தேவையை முன்வைக்கும் சொல் அது. பகலெல்லாம் இலைக்கடியில் உறங்கும் ஓர் உயிரின் வீட்டுக்கு அப்பெயர் பொருந்தாது. குழந்தைகள் காட்சியை எதிர்பார்த்துப் பெட்டியைத் தட்டுவார்கள்.

என் முன்மொழிவு 'வாழ்பேழை'. வாழும் பேழை, வாழ்ந்த பேழை, வாழப்போகும் பேழை என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை ஆதலால் இடையில் வல்லெழுத்து மிகாது. வாழ்ப்பேழை என்று எழுதுவது பிழை. உயிர் வாழ்வதற்கென அமைத்த, பக்கங்கள் அடைத்த கலம் எதற்கும் இதைப் பொதுச்சொல்லாகக் கொண்டு, நிலவாழ்பேழை, சதுப்புவாழ்பேழை என்று அடைமொழி சேர்த்து வகைப்படுத்திக்கொள்ளலாம். மரத்தவளைக்குரியதில் நிலம் என்று சொல்லத்தக்கது அடியில் மூன்று விரல் ஆழ மண் மட்டுமே ஆகையால், கையேட்டில் அடைமொழி இல்லாமல் வாழ்பேழை என்றே எழுதலாம். பேழை என்றதும் சவப்பேழை நினைவுக்கு வருகிறது என்று ஈழத்து அன்பர் ஒருவர் தனிமடலில் தெரிவித்தார். மதிக்க வேண்டிய தடை அது. அதனாலேயே 'வாழ்' என்பது முன்னே நிற்பது இன்றியமையாததாகிறது. நோவாவின் பேழை என்ற வழக்கும் நம்மிடம் உண்டு; உயிரினங்களைக் காத்துக் கரைசேர்த்த கலத்தையும் பேழை என்றுதான் தமிழ் சொல்லியிருக்கிறது.

தவளையா தேரையா என்ற கேள்வியை இருவர் எழுப்பியிருந்தார்கள். பல மாவட்டங்களில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு மரத்தவளையைத்தான் தேரை என்பார்கள், ஆகவே மரத்தில் ஏறும் இனத்துக்குத் தேரை என்பதே பொருத்தம் என்பது அவர்கள் வாதம். குறுந்தொகையில் குறுகிய வாயை உடைய சுனையிலிருந்து தட்டைப் பறைபோல் ஒலிக்கும் 'பகுவாய்த் தேரை' இன்றைய வகைப்பாட்டில் எது என்று அறுதியிடவும் வழியில்லை. எனினும் ஆஸ்திரேலியாவுக்காக எழுதும்போது தேரை என்ற சொல்லை ஒரே ஓர் உயிருக்கு ஒதுக்கியாக வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். கரும்பு வண்டுகளை ஒழிப்பதற்காக 1935இல் ஹவாயிலிருந்து குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட நச்சுத் தேரை இன்று நாட்டின் வடபகுதியில் பெரும்பரப்பில் பரவி, தன்னைத் தின்னும் விலங்குகளைக் கொன்றுகொண்டிருக்கிறது. இக்கண்டத்துக்கு இயல்பாக உரிய தேரைக் குடும்ப இனம் எதுவும் இல்லை. கரும்புத் தேரையைக் கண்டால் ஒழிக்க வேண்டும் என்று பயிற்றுவிக்கப்பட்ட மக்கள், அடையாளம் தெரியாமல் உள்ளூர்த் தவளைகளையும் கொன்றுவிடுவது உண்மையில் நடக்கிறது. நம் கையேடு தவளையைத் தேரை என்று எழுதினால் அக்குழப்பத்துக்கு நாமும் துணைபோனவர்கள் ஆவோம். மரத்தவளை, கரும்புத் தேரை என்ற பிரிவு தெளிவாக இருக்கட்டும்.

இதையொட்டியே, இம்மண்ணுக்குரிய தவளையை 'நாட்டுத் தவளை' என்று எழுதுவதையும் ஏற்கத் தயங்குகிறேன். நாட்டுக்கோழி, நாட்டுமாடு என்னும் வழக்கில் நாடு என்பது மனிதர் பழக்கி வளர்த்த உள்ளூர் இனத்தைக் குறிக்கிறது. காட்டுயிரான தவளைக்கு அச்சொல்லை இட்டால், வாய்க்காலில் கண்டதைப் பிடித்துவந்து வளர்க்கலாம் என்ற உரிமை அதில் மறைமுகமாகக் கிடைத்துவிடுகிறது. நியூ சவுத் வேல்ஸில் தாயகத் தவளைகளை வளர்க்க அரசு உரிமம் வேண்டும்; இயற்கையிலிருந்து பிடித்துவரக் கூடாது, உரிமம் பெற்ற வேறொருவரிடமிருந்தே பெற வேண்டும். ஆகவே 'தாயகத் தவளை' என்பதே என் பரிந்துரை. வளர்த்த தவளையை மீண்டும் ஓடையில் விடுவது புண்ணியம் என்று எண்ணுவோருக்காகக் கையேட்டில் ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். தவளைகளின் தோலைத் தாக்கும், 1998இல் கண்டறியப்பட்ட கைட்ரிட் பூஞ்சை நோயால் உலகெங்கும் குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்கள் நலிவுற்றதாகவும் அவற்றில் 90 இனங்கள் அழிந்துபோனதாகக் கருதப்படுவதாகவும் 2019இல் வெளியான ஆய்வு கூறியது. பெட்டியில் கலந்து வளர்ந்த தவளையை வெளியே விடுவதும், பெட்டியின் கழிவுநீரை ஓடையில் கொட்டுவதும் அந்நோயைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகள்.

சிறு சொற்களில் இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெட்டிக்குள் மெல்லிய நீர்த்துளிகளைத் தெளிப்பதற்கு 'நீர்ப்புகை', 'பனித்தெளிப்பு' என்றெல்லாம் வந்திருந்தன. மழை விட்டும் விடாத அந்த மெல்லிய சாரலுக்கு நம்மிடம் 'தூவானம்' என்ற சொல் இருக்கிறது. மாலையில் விளக்கணைந்ததும் தூவானம் விட்டால், பகலெல்லாம் மங்கிய பழுப்புப் பச்சையாகச் சுருண்டு கிடந்த மரத்தவளை மெல்லக் கண் திறந்து, நிறம் தெளிந்து, ஈரமான இலையில் அடிவயிற்றை அழுத்தி அசையாமல் உட்காரும். சில மாலைகளில் முதுகை வளைத்துக் கைகளால் பழைய தோலைக் காலுறை கழற்றுவதுபோல் முன்னோக்கி இழுத்து, வாய்க்குள் தள்ளி விழுங்கிவிட்டுப் பளபளக்கும் புதுத்தோலோடு கிளையேறும். இந்த நேரத்தைக் குறிக்கும் சொல் கேட்பதற்கும் மழைக்கு நெருக்கமாக இருப்பது நலம்.

மற்றொன்று அடியில் பரப்பும் பொருள். 'அடித்தளம்' என்றால் கட்டடத்தின் கடைக்கால் நினைவுக்கு வருகிறது. அகராதியை ஒட்டிய 'அடிமூலம்' எவர் வாயிலும் நுழையாது. ஆற்றுப்படுகை என்று நாம் சொல்லும் 'படுகை' போதும். தென்னைநார்த் தூள் படுகை நன்று, கூழாங்கல் படுகை தீது. இரைப்பூச்சியோடு சேர்த்துச் சிறு கல்லைத் தவளை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

சொற்களைத் தனித்தனியாகப் பட்டியலில் பார்ப்பதைவிட ஓடும் உரைநடையில் வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை என்பதால், கையேட்டின் தொடக்கப் பத்தியை இச்சொற்களைக் கொண்டு எழுதிப் பார்த்தேன்:

"வாழ்பேழையின் மேற்புறம் முழுவதும் வலையாக இருக்கட்டும். படுகையை மூன்று விரல் ஆழத்துக்குப் பரப்பி, ஈரம் கையில் ஒட்டும் அளவுக்கு நனைத்துவையுங்கள்; பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. குழாய் நீரைத் திறந்து வைத்தால் குளோரின் போகும், கிருமி கொல்லச் சில இடங்களில் அதற்குப் பதிலாகக் கலக்கும் குளோரமைன் போகாது. ஆகவே தூவானத்துக்கும் நீர்த்தட்டுக்கும் நஞ்சகற்றி கலந்த நீரையே பயன்படுத்துங்கள். சுவர்க்கோழி முதலிய இரைப்பூச்சிகளைச் சுண்ணச்சத்துப் பொடியில் புரட்டிப் போடுங்கள். கண்களுக்கு மேல் சதை மடிந்து தொங்கத் தொடங்கினால் தீனி மிகுந்துவிட்டது என்று அறியுங்கள். தாயகத் தவளையைக் கையில் எடுக்க நேர்ந்தால் சோப்பில்லாமல் கழுவிய ஈரக் கையால் மட்டும் எடுங்கள். அது 15 ஆண்டுகளுக்கு மேலும் உங்களோடு இருக்கக்கூடும். உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும் முன்பே இதை வீட்டில் எல்லோரும் கலந்து பேசிக்கொள்ளுங்கள்."

இதில் வாழ்பேழைக்குப் பதிலாக வேறு சொல்லை முன்வைப்பவர்கள் இதே பத்தியில் அதைப் பொருத்தி எழுதி அனுப்பினால் ஒப்பிட்டு முடிவு செய்ய எளிதாக இருக்கும். நஞ்சகற்றி என்ற சொல்லில் எனக்கே முழு நிறைவு இல்லை. குளோரின் மருந்தன்றோ, நஞ்சென்று சொல்லலாமா என்று மருத்துவம் படித்தவர்கள் கேட்கக்கூடும். 'குளோரின் நீக்கி' என்று எழுதினால் குளோரமைன் விடுபடுகிறது. வேதியியல் துறையில் இருப்பவர்கள் இது குறித்து எழுத வேண்டுகிறேன்.