ரோமில் ஒரே ஒரு நாள், கூடவே அம்மாவின் முழங்கால் வலி: எதை விடுவது?

பீளமேட்டான்:
வணக்கம் மக்களே. மே மாதம் அம்மாவை (வயது 67) இத்தாலிக்குக் கூட்டிப் போகிறேன். வெள்ளி இரவு ரோம், ஞாயிறு காலை பிளாரன்ஸுக்கு ரயில், ஆக கையில் இருப்பது சனிக்கிழமை மட்டும்தான். போட்டு வைத்திருக்கும் திட்டம் இது: காலையில் கொலோசியம், போரம் (பழைய ரோமின் நடுச் சதுக்க இடிபாடுகள்), பலடைன் குன்று. மதியம் வாடிகன் அருங்காட்சியகம், சிஸ்டைன் சேப்பல், செயின்ட் பீட்டர்ஸ் பேராலயம். மாலையில் பாந்தியன், நவோனா சதுக்கம், திரெவி நீரூற்று, ஸ்பானிஷ் படிகள். தங்குவது டெர்மினி ஸ்டேஷன் பக்கத்தில். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் "உட்கார்ந்து உட்கார்ந்து போனா எவ்வளவு தூரம்னாலும் நடப்பேன்" என்கிறார். இரண்டு பேரும் சைவம், அம்மா முட்டையும் தொடமாட்டார். திட்டம் சரிதானா, இல்லை எதையாவது வெட்டணுமா?

ஊர்சுற்றி:
தம்பி, இது ஒரு நாள் திட்டம் இல்லை, மூன்று நாள் திட்டத்தை மடித்து பாக்கெட்டில் வைத்திருக்கிறீர்கள்.

முதலில் வாடிகன் அருங்காட்சியகத்தை வெட்டுங்கள். சிஸ்டைன் சேப்பலை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பீர்கள், அது முடியாது, கூடம் கூடமாகக் கூட்டத்தோடு நகர்ந்து கடைசியில்தான் அங்கே போய்ச் சேர முடியும். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை கழுத்தை அண்ணாந்து வரைந்த கூரையை, கால் வலியோடு அண்ணாந்து பார்த்துப் பிரயோஜனம் இல்லை. அடுத்த முறை அதற்கென்றே ஒரு நாள் வையுங்கள்.

கொலோசியத்தைக் காலையில் முதல் வேலையாக முடியுங்கள். டெர்மினியிலிருந்து மெட்ரோ பி லைனில் இரண்டாவது நிறுத்தம், வெளியே வந்தால் எதிரிலேயே நிற்கும். மேல் தளத்துக்குப் படிகள் செங்குத்து, நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு லிப்ட் இருக்கிறது, வாசலிலேயே கேட்டுவிடுங்கள். டிக்கெட்டை அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், நான் போனபோது 18 யூரோ, போரமும் பலடைனும் அதிலேயே அடக்கம். டிக்கெட்டில் பெயர் அச்சாகும், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே போடுங்கள். நம் ஊர் இனிஷியல் சமாசாரம் இங்கேதான் காலை வாரும். நான் மாமனாருக்கு வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுத் தொலைத்துவிட்டு, வாசலில் நின்று அசடு வழிந்தேன்.

பலடைன் குன்று ஏற்றம், அம்மாவுக்கு வேண்டாம். போரத்திலும் தரை கரடுமுரடு, அரை மணி நேரம் போதும். ஆனால் அங்கே மாக்சென்டியஸ் பசிலிக்கா என்று மூன்று பெரிய வளைவுகள் நிற்கும், அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதற்கு முன்னால் அங்கே இருந்தது டொமிஷியன் என்ற ரோமப் பேரரசர் காலத்து மிளகுக் கிடங்கு. முசிறியில் கப்பல் ஏறிய மிளகு வந்து சேர்ந்த ஊர் இது. எனக்கு என்னவோ கொலோசியத்தைவிட அந்த இடத்தில்தான் சிலிர்த்தது.

காபிப்பைத்தியம்:
ஊர்சுற்றி அண்ணா சொன்னதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். என்னைக் கேட்டால் கொலோசியத்துக்கு உள்ளேயும் போக வேண்டாம். வெளியே சுற்றி வந்தாலே அதன் பிரம்மாண்டம் தெரிந்துவிடும், உள்ளே இருப்பது இடிந்த சுவர்களும் வெயிலும்தான் (திட்டாதீர்கள்). அந்த இரண்டு மணி நேரத்தைப் பாந்தியனுக்குக் கொடுங்கள். கி.பி. 126 வாக்கில் ஹேட்ரியன் என்ற பேரரசர் காலத்தில் முடித்த ரோமானியக் கோயில், கம்பி வைக்காத கான்கிரீட் குவிமாடத்தில் இன்றைக்கும் உலகத்திலேயே பெரியது அதுதான். விட்டமும் 43 மீட்டர் சொச்சம், தரையிலிருந்து உச்சிக்கு உயரமும் அதேதான். உச்சியில் ஒரு வட்டத் துளை, கண்ணாடி கிண்ணாடி எதுவும் கிடையாது, மழை பெய்தால் உள்ளேயே பெய்யும், தண்ணீர் போகத் தரையில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. உள்ளே உட்கார பெஞ்சும் இருக்கிறது, அம்மாவுக்கு அது முக்கியம். 2023 ஜூலையிலிருந்து டிக்கெட் வாங்க வேண்டும்.

அங்கிருந்து நவோனா ஐந்து நிமிட நடை, திரெவி பத்து நிமிடம். ஸ்பானிஷ் படிகளில் உட்காரலாம் என்ற நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள், 2019 முதல் அங்கே உட்கார்ந்தால் அபராதம்.

சாப்பாடு. பாஸ்தா வகைகளில், கார்போனாராவில் முட்டையும் பன்றிக் கறியும், அமாத்ரிச்சானாவிலும் கறி. மிளகும் சீஸும் மட்டும் போடும் காச்சோ எ பெப்பேதான் சைவம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் கையால் செய்த பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை சேர்ந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பாதுகாப்பானது பீட்சா மரினாரா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, சீஸ்கூடக் கிடையாது. சுப்ளி என்று அரிசி உருண்டை பார்க்க நம் போண்டா மாதிரியே இருக்கும், உள்ளே கறிக் குழம்பு இருக்கலாம், ஏமாறாதீர்கள். காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. ஆனால் அம்மா கூட இருந்தால் கூடுதல் காசு கொடுத்து உட்காருங்கள், கழிப்பறைக்கும் அதுதான் வழி.

சும்மாபோறவன்:
மூன்றே விஷயம். தெருவெல்லாம் சின்னச் சின்னக் கருங்கல் பதித்தது, செருப்பு வேண்டாம், ஷூ. தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், தெருவுக்குத் தெரு வளைந்த மூக்கு மாதிரி குழாயோடு இரும்புத் தூண் நிற்கும், குடிதண்ணீர்தான், குழாய் நுனியை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் துளை வழியாகப் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். செயின்ட் பீட்டர்ஸ் பேராலயத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். அம்மா புடவை கட்டியிருப்பார், நீங்கள்தான் அரைக்கால் சட்டையில் போய் நின்றுவிடாதீர்கள்!

அப்புறம், உங்கள் கையில் கயிறு கட்ட வருபவரிடம் கையை நீட்டாதீர்கள். கட்டிவிட்டுக் காசு கேட்பார்.

பீளமேட்டான்:
போய் வந்துவிட்டோம், எல்லோருக்கும் நன்றி. கொலோசியத்துக்கு உள்ளே போனோம் (மன்னிக்கவும் காபிப்பைத்தியம்), லிப்டில் ஏறி ஒரு மணி நேரத்தில் முடித்தோம். மிளகுக் கிடங்கு கதையைச் சொன்னதும் அம்மா, "இத்தனை தூரம் வந்த மிளகை வாங்கி வெறும் சேமியாவுலயா போட்டாங்க, ரசம் வைக்கத் தெரியலையே" என்றார். போரத்துக்குப் பிறகு டாக்சி. பாந்தியனில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். துளை வழியாக விழும் வெயில் வட்டம் சுவரில் மெதுவாக நகர்வதை அம்மா எனக்குக் காட்டினார், நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடிகன் பக்கமே போகவில்லை. அதில் அம்மாவுக்கு வருத்தம் இல்லை, எனக்குக் கொஞ்சம் உண்டு.

ஆனால் நவோனாவில் நடந்ததை யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லையே! நடுவில் பெர்னினி என்ற சிற்பியின் நான்கு நதிகள் நீரூற்று, நதிக்கு ஒரு சிலை: நைல், டான்யூப், தென் அமெரிக்காவின் பிளாட்டா, நான்காவது நம் கங்கை. 1651-இல் ரோமில் கங்கை! பெருமையாக அம்மாவை இழுத்துப் போய்க் காட்டினேன். பெரிய தாடியோடு, கையில் துடுப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆம்பளையை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்டா, கங்காதேவிக்கு எப்படா தாடி முளைச்சுது?"